வாசலில் கிடந்த கறுப்புப் பை

இத்தாலியில் இருக்கும் தங்கையைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து போன நானும் அம்மாவும், எட்டுப் பேர் கொண்ட குழுவோடு மறுமலர்ச்சிக் காலச் சிற்பங்களின் நூதனசாலைக்குப் போயிருந்தோம். கடைசி மண்டபத்தின் காவலாளி ஒல்லியான கறுத்த மனிதர். மற்றக் காவலாளிகள் சிலைகளுக்கு நடுவே உலாவ, இவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறந்த மகனை மடியில் கிடத்திய தாயின் சிலை முன் வழிகாட்டிப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று விசில் சத்தம். வாசலோரம் யாரோ ஒரு கறுப்புப் பையை விட்டிருந்தார்கள். மேலதிகாரி ஓடிவந்து யாரும் அசையக் கூடாது என்று கையை விரித்தார். பொலிசுக்கு அழைப்புப் போனது. “என்ட பை!” என்று அம்மா என் கையைப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். அம்மாவுக்கு வெறுங்கால்.

மேலதிகாரியிடம் சொல்ல ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் அந்தக் காவலாளி, மேலதிகாரி கத்தக் கத்தப் பையைத் திறந்து அம்மாவின் சப்பாத்துகளைத் தூக்கிக் காட்டினார்.

“அம்மா, மட்டக்களப்போ?” என்று வாசலில் நின்றே கேட்டார்.

“ஓம் மனே. சாமிச் சிலையெல்லாம் கிடக்கு, சப்பாத்தோட எப்பிடிப் போற?”

“நான் பக்கத்தில சித்தாண்டி.”

வெளியே வந்ததும் நான் அவரிடம் கேட்டேன்: “உள்ளுக்குக் குண்டு இருந்திருந்தா?”

“பையைக் கண்டவுடன செருப்பெண்டு விளங்கிற்று. என்னைத்தான் கழட்ட விடுறானுகள் இல்ல.”

மேலதிகாரி அவரை உள்ளே வரும்படி விரலால் அழைத்தார். வேலை போகப்போகிறது என்றே எனக்குப் பட்டது. அவர் போகவில்லை. பளபளத்த கறுப்புச் சப்பாத்தின் நுனிகூட வாசற்படியைத் தாண்டாமல், ஏச்சு முழுவதையும் வெளியே நின்றே கேட்டுக்கொண்டார்.