ஜன்னல் நாட்டுடையது

மும்பை மாட்டுங்காவில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும் மூன்று மாடிக் கட்டடங்களில் ஒன்றில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன். முனை வளைந்த பால்கனி, உதயசூரியன் போல இரும்பு வேலைப்பாடு, மாடிப்படியில் கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல்கள். எங்களுக்கு அது வெறும் வீடாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் வரிசை முழுவதையும் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து வீடு எங்களுடையது, ஜன்னல் நாட்டுடையது.

படுக்கையறை ஜன்னலின் தேக்குச் சட்டம் உளுத்துப்போய் மூட முடியவில்லை. மழை நேராகக் கட்டிலில் பெய்தது. அலுமினிய ஜன்னல் போட அனுமதி கேட்டு எழுதினேன். பல மாதம் கழித்து, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பார்வையிட வந்தார். கட்டடக்கலை படித்தவர். ஜன்னலை விட்டுவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனார்.

"இந்த வளைவைப் பாருங்க சார். இப்ப யாரு இப்படிக் கட்டறா?"

"கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கோ. போன மழையில அதுல ஒரு துண்டு விழுந்தது."

ஓரடி நகர்ந்து மறுபடி படம் எடுத்தார்.

என் மனைவி அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போனாள். "இதை மூடிக் காட்டும்மா."

இரண்டு கையாலும் தள்ளினார், தோளைக் கொடுத்தும் பார்த்தார். ஜன்னல் அசையவில்லை. ஒரு சிம்பு மட்டும் கையோடு வந்தது. "பர்மா தேக்கு" என்று பக்தியோடு சொல்லி அதைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"அலுமினியம் கூடாது மாமி. கட்டடத்தோட முகமே போயிடும். இதே தேக்குல செஞ்சுக்கலாம்."

அந்தத் தேக்கு இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அது தன் துறை இல்லை என்றார்.

காப்பி கொடுக்கும்போது மனைவி கேட்டாள்: "நீ எங்கேம்மா இருக்கே?"

"செம்பூர்ல. புது டவர், இருபத்திரெண்டாவது மாடி."

"அங்கே ஜன்னல்?"

ஒரு வாய் காப்பி குடித்தார். "ஸ்லைடிங் மாமி."

"அலுமினியமா?"

"ஆமா."

மனைவி இன்னும் கொஞ்சம் காப்பி விடட்டுமா என்று மட்டும் விசாரித்தாள்.

கிளம்பும்போது அவருக்கே மனம் கேட்கவில்லை போலும். வாசலில் குரலைத் தாழ்த்தி, "தார்ப்பாய் கட்டிக்கோங்க சார். அது தற்காலிகம், விதியில வராது" என்றார்.

கட்டினோம். அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரரும் கட்டினார். ஆடி பிறப்பதற்குள் வரிசை முழுவதும் தார்ப்பாய் நீலமாகிவிட்டது. கட்டடங்களின் முகத்தை இப்போது யாரும் கெடுக்க முடியாது, தெரிந்தால்தானே கெடுக்க.

மழை நின்ற பிறகும் மனைவி தார்ப்பாயை அவிழ்க்க விடவில்லை. புறாவும் உள்ளே வருவதில்லையாம்.