மூன்று பச்சை மோட்டர்கள்

ஒரு டப்பா பச்சைச் சாயத்தால் என் அத்தையைக் கொன்றுவிட்டதாக முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். நாலு புத்தகம் படித்தவன் என்று வெளியில் பெயர். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், மலாக்கா பக்கம் பெம்பானில் நாங்களும் மாமாவும் அடுத்தடுத்த வீடு. அத்தைக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து பெட்ரோல் வாடை பட்டாலே வாந்தி. மலாக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் காரை நிறுத்த வேண்டும். ஒருநாள், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றுவிட்டாள்.

மாமா செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், சுமை தூக்கும் மின்சார ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். கழித்துப்போட்ட மூன்று மோட்டர்களை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். பழைய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இரண்டு மோட்டர்களை ஒரே தண்டில் பூட்டி, பேட்டரியில் ஓட்டப்போகிறாராம். புகையில்லை, வாடையில்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மோட்டர்மேல் விவரம் பொறித்த தகடுகளை ஜாதகம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு நாற்பத்தெட்டு வோல்ட், ஒன்று இருபத்துநாலு. தகட்டைத் தவிர வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஆயுத பூசை வந்தது. கருவிகளுக்கெல்லாம் அம்மா சந்தனம் வைத்தார். எனக்கு அது போதவில்லை. வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயத்தை மூன்று மோட்டர்களுக்கும், தகட்டில் இருந்த எழுத்தும் மறையும்படி, இரண்டு பூச்சு அடித்தேன். மாமா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அழகா இருக்கு லா" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம், மோட்டர் பூட்டிய காரில் அத்தையை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அத்தை சிரித்தாள். ரம்புத்தான் மரம்வரை போயிருக்கும். கருகல் புகை கிளம்பி, கார் நின்றுவிட்டது.

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னாங்க, இதுக்கு அந்தப் பெட்ரோலே தேவலாம்!"

எல்லாரும் சிரித்தோம். மாமா இறங்கவில்லை, பானெட்டைத் திறந்தும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். தீபாவளிக்கு அத்தை இல்லை.

போன மாதம்தான் மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். சாயத்தால் ஜோடி மாறியது, அதனால் கார் நின்றது, கார் நின்றதால் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஒரு டப்பா சாயத்துல என் காரை நிறுத்திட்டியாக்கும்? பெரிய ஆளுடா நீ! மீட்டர் வச்சா எது எதுன்னு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் மாமா வைக்கல?"

"வச்சு? நீ சாயம் அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் தனியா போயி டாக்டரைப் பாத்தாச்சு. இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டு வர வேணாம்னுட்டாரு. வீட்டுல சும்மா இருந்தா அவ மூஞ்சிய பாக்கணும் லா. அதுக்குத்தான் மோட்டர நோண்டிக்கிட்டு இருந்தேன்."