மூன்று வீட்டுக்கு ஒரு லைன்

ஒக்டோபர் 22, புதன்கிழமை, மாலை 4.40. பகல் முழுதும் வெயில் எரித்துவிட்டு அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. செட்டிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரித்தேன். பையில் ஒரு டெப்லட், ஒரு பவர் மீட்டர், அவை நனையாமல் இருக்க இரண்டு பொலித்தீன் உறைகள். ஒன்று கிழிந்தால் மற்றது.

டெலிபோன் கந்தோரில் பழுதுப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா வீட்டில் இருந்து கரண்ட் பில்லைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன் என்று மனைவி சலித்துக்கொண்டதால், வீடுகளுக்கு பைபர் இன்டர்நெட் கொடுக்கும் முகவர் நிறுவனம் ஒன்றில் முறைப்பாடு பார்க்கும் வேலையை ஏற்றேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆறாவது முறைப்பாடு

அன்று காலை மனேஜர் ரிஸ்வான் என்னைக் கூப்பிட்டார். என் மகனை விட இளையவர். ஆனாலும் "சேர்" என்றுதான் சொல்வார்.

"சேர், செட்டிபாளையத்துல ஒரு வீடு. அஞ்சு தரம் பொடியன்கள் போய் லைன் ஓகே எண்டு எழுதிட்டு வந்திரிக்காங்க. திரும்பவும் கொம்ப்ளெயின் வந்திரிக்கி. நீங்க ஒருக்காப் பாருங்க. ஒரு வளவுல மூணு வீடாம். ஏலுமெண்டா இன்னும் ரெண்டு கனெக்சன் வித்துட்டு வாங்களன்."

வளவு பூமணி அக்காவுடையது. மூன்று பெண் பிள்ளைகளுக்கும் சீதனமாகக் கட்டிய மூன்று வீடுகள், நடுவில் ஒரு கிணறு. கணவர் இறந்துவிட்டார். மூத்த மருமகன் தவராசா மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே சொந்தத்தில் ஒரு பஸ் ஓட்டுகிறார். லைன் அவர் பெயரில்தான். மற்ற இரு வீடுகளுக்கும் அதே வைஃபை போகிறது. வாசல் படலையடியிலேயே தவராசா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சேர். லைன்லதான் பிழை. மாசம் பிறந்தா ரெண்டு கிழமைக்குப் பறக்கும். மறுகா ஆமைதான். கம்பனிக்காரன் எங்கயோ பிடிச்சு வெச்சிரிக்கான்."

"பாவனை எவ்வளவு எண்டு பார்த்தீங்களா?"

"பக்கேஜ் தாராளமாக் காணும் சேர். நான் கணக்குப் பார்த்துத்தான் எடுத்தனான்." மூன்று வீட்டுக்கும் கேட்கும்படி இதைச் சொன்னார்.

பவர் மீட்டரைப் பொருத்தினேன். கழித்தல் பத்தொன்பது. பைபரில் ஒளி குறைவில்லாமல் வருகிறது என்று அர்த்தம். ரவுட்டரில் விளக்குகள் எல்லாம் பச்சை. ஸ்பீட் மட்டும் ஒரு எம்பிக்கும் கீழே. டெப்லட்டில் கணக்கைத் திறந்ததும் விளங்கிவிட்டது. மாதத்துக்கு 150 ஜீபி. அது 17ஆம் திகதியே முடிந்துவிட்டது. முடிந்தபின் கம்பனி வேகத்தைக் குறைத்துவிடும். பிழை என்று ஒன்றும் இல்லை.

"டேட்டா..." என்று நான் வாய் திறந்தேன்.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது!" என்று பூமணி அக்கா கத்தினார். எனக்கு அறுபத்தேழு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது சந்தோசம்தான். ஆனால் அவர் கையிலும் தேநீர் இல்லை, என் கையிலும் இல்லை. அதே நேரம் கடைசி மருமகன் என் வலது காலை நன்றாக மிதித்தார்.

"என்ன சேர் சொல்ல வந்தீங்க?" என்றார் தவராசா.

"டேட்டா... சரியா வருதா எண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கோணும்."

"நல்லாப் பாருங்க. அஞ்சு பத்துக்கு எனக்கு ட்ரிப் இரிக்கி. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." பஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனார்.

எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்

அவர் தலை மறைந்ததும் வளவே என்னைச் சுற்றி நின்றது.

"கால் நோகுதா சேர்?" என்றார் கடைசி மருமகன். "வேற வழி தெரியல்ல."

டேட்டா முடிவது எல்லாருக்கும் தெரியும். நான் எண்ணிப் பார்த்தேன். போன் ஒன்பது, டீவி மூன்று, டெப் இரண்டு, லெப்டொப் ஒன்று, கிணற்றடிக்கு மேலே ஒரு கமரா. மொத்தம் பதினாறு. ஒரு டீவியில் படம், ஒன்றில் கிரிக்கெட், ஒன்றில் யாரும் பார்க்காத கார்ட்டூன். இதற்கு 150 ஜீபி எம்மாத்திரம்?

"அப்ப மூண்டு வீடும் சேர்ந்து பெரிய பக்கேஜ் போடலாமே? இல்லாட்டி ஆளுக்கொரு லைன் எடுக்கலாமே?" ரிஸ்வானின் விற்பனையை நான் மறக்கவில்லை.

பூமணி அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஒண்ணாது தம்பி. இவங்கட அப்பா போன பிறகு கரண்ட் பில், தண்ணி பில், இந்த லைன், எல்லாம் மூத்தவர்தான் பார்க்கிறார். ஒருத்தரிட்டயும் ஒரு சதம் வாங்கமாட்டார். இப்ப நாங்க காசை நீட்டினா, நீ குடுத்தது காணல்ல எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். டீசல் விக்கிற விலைக்கு அந்தப் பிள்ளையும் என்ன செய்யிற?"

இரண்டாவது மகள் ஜெயந்தி முன்னால் வந்தாள். கணவர் கத்தாரில். லண்டனில் உள்ள ஒரு கணக்காளர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகம் வீடியோவில். இரண்டு முறை நடுவில் அறுந்துவிட்டது.

"இண்டைக்கு ஏழு மணிக்கு மூணாவது தரம் சேர். இதும் அறுந்தா வேற ஆளை எடுப்பாங்களாம்."

"போன் டேட்டாவில பேச ஏலாதா?"

"இந்த மழைக்கு ஒரு கோடு சிக்னலும் நிக்காது."

"உங்கட பேருல ஒரு லைன் எடுத்தா என்ன?"

"காசு இரிக்கி சேர். ஆனா அத்தானுக்கு முன்னால ஆள் வந்து புது வயர் இழுத்தா அவர்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிற? அவர் எங்களுக்கு அப்பா மாதிரி."

என் வேலை முடிந்துவிட்டது. "லைன் ஓகே" என்று ஆறாவது முறை எழுதிவிட்டு 5.40 பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். எழுதவும் தொடங்கினேன். ஆனால் ஜெயந்தி லெப்டொப்பைத் துடைத்துத் துடைத்து மேசையில் நேராக வைத்துக்கொண்டிருந்தாள். மேலதிக டேட்டா வாங்கக் கணக்கு இலக்கம் போதும். அது என் படிவத்தில் இருந்தது. என் சொந்த போனிலிருந்து 50 ஜீபிக்குக் காசு கட்டினேன். மூன்று முறை இலக்கத்தைச் சரிபார்த்தேன். நாலாவது முறையும்.

6.25க்கு வேகம் வந்துவிட்டது. "ஒரு டீவியும் போடாதீங்க!" என்று பூமணி அக்கா மூன்று வீட்டுக்கும் கட்டளை போட்டார். ஏழுக்குத் தொடங்கிய பேச்சு நாற்பது நிமிடம் அறாமல் நடந்தது. கதவுக்கு வெளியே நானும் அக்காவும் மூச்சு விடாமல் நின்றோம். உள்ளேயிருந்து ஜெயந்தி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நேர்முகத்துல சிரிக்கலாமா தம்பி?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"அவங்களும் சிரிச்சா சிரிக்கலாம்" என்றேன். அவர்களும் சிரித்தார்கள்.

முறைப்பாட்டுக்காரரின் பாராட்டு

மறுநாள் தவராசா கந்தோருக்கே போன் எடுத்தார். ரிஸ்வான் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் சொன்னன் தானே, லைன்லதான் பிழை எண்டு! உங்கட பழைய சேர் வந்து ஒரு மணித்தியாலத்துல கண்டுபிடிச்சிட்டார்!"

ரிஸ்வான் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பிழை சேர் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு இணைப்பு லூசாக் கிடந்தது" என்றேன்.

ஜெயந்திக்கு வேலை கிடைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் அதே வளவுக்குப் பக்கேஜ் மாற்றும் விண்ணப்பம் வந்தது. அளவில்லாத பக்கேஜ், மாதம் ஐயாயிரத்துக்கு மேல். கையெழுத்து வாங்கப் போனேன்.

நடந்தது இதுதான். ஜெயந்தி முதல் சம்பளத்தை ஒரு தட்டில் வெற்றிலையோடு வைத்து அத்தானிடம் நீட்டியிருக்கிறாள். அவர் தனக்கென்று ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. "இந்த லைனால வந்த காசு. லைனுக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டாராம். ஆக, காசு அவளுடையது, பெயர் அவருடையது. யாருடைய முகமும் வாடவில்லை. இப்படி ஒரு பக்கேஜ் எங்கள் விலைப்பட்டியலில் இல்லை.

கையெழுத்திட்டுவிட்டுத் தவராசா படலை வரைக்கும் என்னோடு வந்தார். யாரும் இருக்கிறார்களா என்று கிறுகித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சேர், அண்டைக்கு நீங்க அம்பது ஜீபி போட்ட மெசேஜ் எண்ட போனுக்குத்தான் வந்தது."

கணக்கில் எது நடந்தாலும் செய்தி சொந்தக்காரரின் போனுக்குப் போகும். பயிற்சி வகுப்பில் இதைப் பலமுறை சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

"டேட்டா முடியிற மெசேஜும் மாசாமாசம் வாறதுதானே" என்றார். "அவங்க எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாங்க. டேட்டா காணல்ல எண்டா அவங்க பாவிக்கிறதைக் குறைச்சிடுவாங்க எண்டு, நானும் லைன்ல பழியைப் போட்டுட்டு அவங்களுக்காகப் பொத்திக்கொண்டு இருந்தன். நீங்களும் வந்து சேர்ந்துட்டீங்க."

காசை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்கினால் கந்தோரில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

"அப்ப சரி. இனி எண்ட பஸ்ஸில உங்களுக்கு டிக்கெட் இல்ல."

பிள்ளைகளே, படிவத்தில் பதினொரு கேள்விகள் இருக்கின்றன. வேகம் எவ்வளவு, கருவிகள் எத்தனை, ரவுட்டர் எங்கே. பில்லை யார் கட்டுகிறார், ஏன் கட்டுகிறார் என்ற கேள்வி அதில் இல்லை. அதை நீங்களாகத்தான் விசாரிக்க வேண்டும். தேநீர் குடித்தபடி, கால்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு.

என் செலவையும் சொல்லிவிடுகிறேன். மேலதிக டேட்டா 1,190 ரூபாய். நான் இருக்கும் நாவற்குடாவிலிருந்து வேலைக்குப் போக அவருடைய பஸ்ஸில் இதுவரை எட்டு முறை ஏறியிருக்கிறேன். ஒரு முறைக்கு 90 ரூபாய்ப்படி 720 ரூபாய் மிச்சம். கழித்துப் பார்த்தால், இந்த முறைப்பாட்டில் இன்றைய திகதிக்கு எனக்குச் செலவு நானூற்றெழுபது ரூபாய்.