மூழ்க மறுத்த பஞ்சு

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் உங்களுக்குத் தெரியாது. பத்திரிகை ஆபீசில் இதை டைப் அடிக்கும் தங்கச்சிக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதும் லகரத்தையும் ளகரத்தையும் வாராவாரம் அவர்தான் சரியான இடத்தில் எடுத்து வைக்கிறார். இந்த வாரம் கையெழுத்து இன்னும் மோசம். ஆனால் அதற்குப் படிப்பு காரணம் இல்லை... தோல்.

கொஞ்ச நாளாக இந்தப் பத்தி வரவில்லையே என்று சிலர் கேட்டீர்களாம். பேனா பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்பு. அழுத்தினால் மைக்கு முன்னால் ரத்தம் வந்தது.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிப் பஞ்சு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. அது இருக்கும்வரை பஞ்சு தண்ணீரைக் குடிக்காது. காயத்தில் வைத்தால் ரத்தத்தையும் உறிஞ்சாது. அதனால் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, மெழுகை எடுத்து, வெளுத்து, அலசுவோம். அலசுவது என் வேலை. கையுறை உண்டு. அதில் ஓட்டையும் உண்டு.

கடைசியில் ஒரு சோதனை. ஒரு பிடி பஞ்சைத் தண்ணீரில் போட வேண்டும். சட்டென்று மூழ்கினால் நல்ல பஞ்சு. மிதந்தால்? அந்தத் தடவை வெந்த மொத்த லாட்டும் திரும்பவும் வேக வேண்டும்.

அலசல் இல்லாத நேரத்தில் பஞ்சைச் சுருட்டும் டேபிளுக்கும் போவேன். டேபிளுக்குப் பொறுப்பு முனியம்மாக்கா. மார்கழியில் ஒரு நாள், அவர் விரித்த வெள்ளைச் சுருளில் சிவப்பாக ஒரு பொட்டு.

"யாரு கை இது?"

எல்லோரும் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது போதுமே.

"அண்ணாச்சி, கையக் காட்டுங்க."

காட்டினேன்.

"ஆத்தாடி! தண்ணி வத்துன கம்மா மாதிரில்லா வெடிச்சுக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு நாம எதுக்கு ரத்தம் அனுப்பணும்? அங்கதான் அது நெறைய இருக்குமே."

முதலாளி வந்து பார்த்தார். "கை ஆறுத வரைக்கும் கேட்ல உக்காரு. வாட்ச்மேன் பொங்கலோட நின்னுக்கிடுதேங்காரு. நீ பேப்பர்ல எல்லாம் எழுதுத ஆளு, நாலு பேர்கிட்ட பேசத் தெரியும். சரியா வந்தா அங்கனயே இருந்துக்கோ."

பேச வராததால்தானே எழுதுகிறேன்?

கேட்டில் உட்காருகிறவன் வருகிறவர்களை நிறுத்த வேண்டும். யார், எங்கே, எதற்கு என்று கேட்க வேண்டும். நான் எல்லோருக்கும் எழுந்து வணக்கம் வைத்தேன். வணக்கத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் நேராக உள்ளே போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து இன்சூரன்ஸ் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அவன ஏம்லே விட்ட?"

"நல்லா உடுத்தியிருந்தாரு மொதலாளி."

முதலாளி, "போகப் போகப் பழகிரும்" என்றார். என் பயமே அதுதான். பொங்கலுக்குள் கை ஆறாவிட்டால் நான் நிரந்தரமாகப் பழக வேண்டியிருக்கும்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. கையை நன்றாகக் கழுவி, துடைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் அடுப்பனலில் காட்டிக் காயவைத்து, அப்புறம் பூசினேன். எதையும் சுத்தமாகச் செய்ய வேண்டும் இல்லையா? என் மனைவி செல்வி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெடிப்பு போகல. வெடிப்பு பளபளங்குது, அம்புட்டுதான். கெளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டர். அந்தம்மா என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது செல்வி.

"இதுவரை என்ன போட்டீங்க?"

"தேங்கா எண்ண மேடம். அடுப்புல காட்டி, கைய நல்லாக் காய வச்சுப் பூசுதாக."

"காய வச்சா? காய்ஞ்ச பானைய மூடி வச்சா உள்ள தண்ணி ஊறிடுமா?"

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

அப்புறம் ஒரு கிரீமை எழுதிக்கொடுத்து, அது என்ன செய்யும் என்றும் சொன்னார். அதில் கிளிசரின் இருக்கிறதாம். அது தண்ணீரை இழுத்துத் தோலில் பிடித்து வைக்கும். கூடவே இருக்கும் பெட்ரோலியம் ஜெல்லி, அந்தத் தண்ணீர் காற்றோடு போய்விடாமல் மேலே மூடிக்கொள்ளும். ஒன்று இழுக்கும், ஒன்று மூடும். இழுக்க ஈரமே இல்லை என்றால்? அதனால் கையைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். மேல்தோல் என்பது செங்கல் சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் இருப்பதுபோலத் தோலில் ஒரு கொழுப்பு இருக்கிறது. சலவைச் சோடா மாதிரிக் காரமும் சோப்பும் அதைக் கரைத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் ஈரம் சந்து வழியாக வெளியே போகும். வெளியே இருக்கும் காரம் அதே சந்து வழியாக உள்ளே வரும். கிரீமில் செராமைடு என்று அந்தக் கொழுப்பின் வகையறா ஒன்று இருக்கிறதாம். அது சந்தில் போய் உட்கார்ந்து, தோல் தன்னைத்தானே பூசிக்கொள்ளும்வரை கைகொடுக்கும்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "பஞ்சுல மெழுகு எடுக்கது."

டாக்டர் என் கையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். "சரிதான். உங்க கையிலயும் அதைத்தான் எடுத்திருக்கு."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். மெழுகு போனால் பஞ்சுக்கு 'நல்ல சரக்கு' என்று பெயர். மெழுகு போனால் மனுஷனுக்குக் கேட்டில் ஒரு ஸ்டூல்.

சொன்னபடி செய்தேன். முதலில் எரிச்சல் நின்றது. பிறகு ரத்தம் நின்றது. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் கையை முழுசாக மடக்கிப் பார்த்தேன். மடங்கியது! டேபிளுக்குப் போய்க் காட்டினேன். முனியம்மாக்கா சரி என்று தலையசைத்தார்.

அன்றைக்குத்தானா சரக்கு வாங்குகிறவர் வந்து நிற்க வேண்டும்?

"அண்ணாச்சி, ஒரு பிடி எடுத்துத் தண்ணியில போடுங்க" என்றார் முனியம்மாக்கா.

எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து அழகாக உருட்டினேன். போட்டேன்.

மிதந்தது.

இன்னொரு பிடி. அதுவும் மிதந்தது. கண்மாய் வாத்து மாதிரி, எந்தக் கவலையும் இல்லாமல்.

முதலாளி தெலுங்கில் ஏதோ சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்குதான். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன்.

"மொத்தத்தையும் பாய்லருக்கு ஏத்துங்க" என்றார், தமிழில்.

டாக்டர் கிரீமை வேலை முடிந்தபின் போடச் சொல்லியிருந்தார். நல்லதுதானே, கொஞ்சம் கூடினால் என்ன என்று அன்று காலையிலும் போட்டிருந்தேன். தாராளமாக. பேசாமல் இருந்தால் நல்ல பஞ்சு வீணாக இன்னொரு முறை வேகும். பேசினால் தப்பு என் கையில்தான் என்று தெரிந்து நான் கேட்டுக்குப் போவேன். இதில் பேசுவது என்பதே எனக்குத் தனிக் கஷ்டம்.

"பஞ்சுல குத்தமில்ல மொதலாளி" என்றேன். என் குரல்தான். "கையில கிரீம் இருக்கு. அது தண்ணிய அண்ட விடாது. பஞ்சு நல்லாத்தான் இருக்கு... கைதான் மிதக்குது. அக்காவப் போடச் சொல்லுங்க."

முனியம்மாக்கா என் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "வெண்ணெயில முக்குன மாதிரில்லா வழுக்குது!" தன் கையால் ஒரு பிடி எடுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் மூழ்கியது. வந்தவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"இம்புட்டு வெவரமாப் பேசுதியே... கேட்டுக்கு நீதாம்லே சரி."

பஞ்சுக்குப் பின்னாலேயே என் நெஞ்சும் மூழ்கியது.

"அவிய கேட்ல உக்காந்து என்ன செய்யப் போறாக?" என்றார் முனியம்மாக்கா. "வாரவன் போறவனுக்கெல்லாம் வணக்கம் வைப்பாக. அலச ஆள் வேணும். உள்ள துணிக் கையுறை, மேல ஓட்டையில்லாத ரப்பர் கையுறை வாங்கிக் குடுங்க. கிரீமெல்லாம் வேல முடிஞ்ச பொறவு."

முதலாளி இன்சூரன்ஸ்காரரைத்தான் நினைத்திருக்க வேண்டும். "சரி, அலசப் போ" என்றார்.

இப்போது வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரத்தோடு பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். உலகத்தில் எல்லாவற்றையும் அலசி, வெளுத்து, சுத்தமாக்கிவிடலாம். பஞ்சு அதைத் தாங்கும். நமக்கெல்லாம் கொஞ்சம் பிசுக்கு வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, தாளின் கீழ் ஓரத்தில் சில இடத்தில் மை பிடிக்காமல் வழுக்கியிருக்கும். அது என் கை பட்ட இடம். இன்னொரு மன்னிப்பு.

எழுதி முடித்தது, தை ஏழாம் தேதி.