மூன்று மணி வரை சாப்பாடு

எனக்கு அப்போது பத்து வயது. பொறுமை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத வயது. வீட்டில் ஒரு வாரமாக நடந்த சண்டை முழுவதும் ஒரே ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றியது. எனக்கோ அந்தச் சாப்பாடே இல்லாமல் போனாலும் சம்மதம்தான். சறுக்கு மரங்களும் ராட்டினங்களும் அலைக்குளமும் இருக்கிற இடத்துக்குப் போய் யாராவது சோற்றைப் பற்றிப் பேசுவார்களா?

ஆரம்பித்து வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் தலையைக் காட்டிவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவார். ஊருக்கு வெளியே இருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கு எல்லோரும் போகலாம் என்று சொல்லி, செல்போனில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். டிக்கெட்டுக்குக் கீழே ஒரு கட்டம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாம், பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றிருந்தது. அந்தக் கட்டத்தைத் தொடுவதா வேண்டாமா என்பதில் எங்கள் வீடு இரண்டுபட்டது.

அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் வாங்கியவன் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் போனால் அவனுக்காக மனசுக்குள் வருத்தப்படுகிற மனிதர்.

"எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு சும்மாவா சொல்வான்? நம்ம வயிறு எவ்ளோ புடிக்கும்னு நமக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்" என்றார். "பேசாம புளிசோறு கட்டிக்கினு போலாம்."

"கேட்லயே பையைப் பிரிச்சுப் பாப்பாங்க மாமா. வெளிச்சோறு உள்ள விட மாட்டாங்க" என்றார் மாமா. எனக்கு மாமா அவர். அவருக்கு மாமா என் அப்பா.

"வாசல்ல இளநீர்க்காரன் எவனாவது இருப்பான். அவங்கிட்ட வெச்சிட்டுப் போய், மத்தியானம் வெளிய வந்து சாப்ட்டுக்கலாம்."

"வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க."

"அப்ப உள்ளயே ரெண்டு தோசை வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக்கலாம்."

தினமும் மாமா வந்ததும் இதே பேச்சு இதே வரிசையில் நடக்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் கால் நிலைகொள்ளாது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். டிக்கெட் தீர்ந்துவிட்டால்? பூங்காவையே மூடிவிட்டால்? எனக்குத்தான் அந்தக் கவலையெல்லாம்.

எங்கள் வீடு ஒரே அறை. அதன் மூலையில்தான் அடுப்பு. அதனால் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் பி.ஜி.யில் சமையல் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி அது. விடிவதற்கு முன்னால் போய் அவர்களுக்கு இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்து, அப்புறம் எங்களுக்குச் சமைப்பாள். பள்ளி லீவு நாட்களில் நானும் கூடப் போய் உட்கார்ந்திருப்பேன். குளித்துவிட்டு அவசரமாக இறங்கி வருகிற பெண்கள் எல்லோரும், "ஆன்ட்டி, ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுப்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று கேட்பது எங்கள் ஊரில் வணக்கம் சொல்வது மாதிரி. அம்மாவும் கரண்டியை நிறுத்தாமல் "ஆயித்து, ஆயித்து" என்பாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்காது. ஆனாலும் அதுதான் பதில்.

அப்பா தோசையைப் பிய்ப்பதைப் பற்றி மறுபடியும் தொடங்கிய ஒரு நாள் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு அந்தச் சாப்பாடு வேணும். நான் ஆக்காத சோறு, ஒரு வேளை உக்காந்து துண்ணணும். அவ்ளோதான்."

"ஏன், நாம ஓட்டலுக்குப் போனதே இல்லியா?"

"ஓட்டலுக்குப் போனா நீங்க விலையைப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாக்குறீங்க. நான் உடனே பசியில்லன்றேன். இதுல முன்னாடியே கட்டிட்டா, யாரும் யார் மூஞ்சியையும் பாக்க வேணாம்."

 அப்பா மாமாவிடம், "போட்றா அந்த டிக்கை" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு ஒரு நாள் சமைக்கச் சோம்பலாக இருக்கிறது போலும், அதனால் சண்டை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் பணத்தைக் கட்டிய கையோடு அப்பா ஒரு சட்டம் போட்டார். போகிற அன்று காலையில் யாரும் ஒன்றும் சாப்பிடக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால்தான் கட்டின காசு கைக்கு வரும். காபியும் கிடையாது. இரண்டு பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் என் குட்டித் தம்பி பிஸ்கட் கேட்டு அழுதான். மாமா தன் பையில் ஒளித்து வைத்திருந்த பன்னை அப்பா கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தார். கண்டக்டரிடம் எதை ஒளிக்க முடியும்?

வாசலில் எல்லோர் கையிலும் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்குப் பச்சை. அம்மா தன் வளையல்களை மேலே தள்ளிவிட்டு அதற்கு இடம் கொடுத்தாள். எங்கள் செருப்புகளையும் துண்டுகளையும் மடியில் வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். சுற்றிச் சுற்றி வருகிற என்னிடம், "மணி என்ன ஆவுது?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் என்னைப் போலவே அவசரம் இருந்தது. எனக்கு அலைக்குளத்தில் ஒரு மணிக்கு அலை விடுவார்கள் என்கிற அவசரம்.

மாமா வெறும் வயிற்றோடு ராட்சத ஊஞ்சலில் ஏறினார். இறங்கும்போது கையிலிருந்த பட்டைக்கும் முகத்துக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. ஒரு பெஞ்சில் குப்புறப் படுத்தவர், சாப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு ஆள் சாப்பாடு போச்சு" என்று அப்பா அவர் தலைமாட்டிலேயே நின்று வருத்தப்பட்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்தார்கள். நீளமான மேடையில் மூடி போட்ட பெரிய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அவரவரே தட்டெடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் யாருக்கும் கிடையாது. உட்கார்ந்தால் தட்டு வரும், அவ்வளவுதான். அங்கேயும் அப்படியே உட்கார்ந்தோம். அம்மா முதலில் தம்பிக்கு, பிறகு எனக்கு, பிறகு அப்பாவுக்கு என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளத் திரும்பிப் போனாள். சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கரண்டியைக் கையில் எடுத்தபோது, பின்னால் நின்ற ஒருவர் தன் தட்டை நீட்டினார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு நிற்கிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் நீட்டத் தோன்றாது? அம்மாவும் போட்டாள். அடுத்தவர் நீட்டினார். அவருக்கும் போட்டாள். "சாம்பாரா, பருப்பா?" என்று கேட்கவும் தொடங்கிவிட்டாள். அதுவரை நகராமல் கிடந்த வரிசை மளமளவென்று ஓட ஆரம்பித்தது. ஜனங்கள் அந்தப் பக்கமாகவே வந்து சேர்ந்தார்கள்.

அப்பா குனிந்த தலை நிமிராமல் கட்டின காசைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன். பார்த்து எரிச்சல்பட்டேன். அம்மா சாப்பிட்டு முடிக்காமல் நாங்கள் எழுந்து போக முடியாது. கதவுக்கு மேலே இருந்த கடிகாரம் ஒரு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்தப் பெரியவருக்கு மட்டும் போட்டுட்டு வரேன்" என்றாள். பெரியவருக்குப் பின்னால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே நின்றது.

அதற்குள் அப்பாவும் நிமிர்ந்துவிட்டார். "ஏய், அங்க இன்னா பண்ற நீ?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அம்மா ஒரு கையால் இதோ என்று சைகை காட்டினாள். இன்னொரு கை சோறு அள்ளிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண் புதிதாக வடித்த சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீருடையும் தலையில் வலைத்தொப்பியும் போட்டிருந்தாள். வேறு யாரோ நின்று பரிமாறுவதைப் பார்த்ததும் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். எனக்குத் திக்கென்றது. எங்களை வெளியே துரத்தப் போகிறார்கள், அலைக்குளம் அவ்வளவுதான் என்று தோன்றியது. அவள் அம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அப்புறம் மணிக்கட்டில் இருந்த பச்சைப் பட்டையைப் பார்த்தாள். திட்டவில்லை.

"அக்கா, ஊட்டா ஆயித்தா?" என்றாள்.

அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதே இரண்டு வார்த்தை. நானே சொல்லியிருப்பேன்.

"இல்ல" என்றாள் அம்மா. கரண்டியை நிறுத்திவிட்டு, "இன்னும் இல்லம்மா" என்றாள்.

அந்தப் பெண் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்ப போய் உக்காருங்க. நான் எடுத்தாறேன்" என்று தமிழிலேயே சொன்னாள். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற அத்திபெலே பக்கத்துக்காரியாக இருக்க வேண்டும்.

"நாமளே போட்டுக்கணும்னு எழுதியிருக்குதே?"

"எழுதுனவங்க எழுதிக்கினு இருக்கட்டும். நீங்க உக்காருங்க அக்கா."

அம்மா வந்து உட்கார்ந்தாள். தட்டு வந்தது. சோறு தீர்ந்ததும், எங்கிருந்து கவனித்தாளோ, அந்தப் பெண் ரசத்தோடு வந்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பாயசத்தோடு வந்தாள். "போதும்மா, போதும்" என்று அம்மா தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதாக ஞாபகமில்லை.

நான் நாற்காலியில் உட்காராமல் நின்றபடி குதித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவைச் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஏனோ அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வா, நாம போலாம். அவ இருக்கட்டும்" என்று என்னை அலைக்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் எனக்கு அம்மாவின் ஞாபகமே வரவில்லை.

நாங்கள் சொட்டச் சொட்டத் திரும்பியபோது மூன்று மணி தாண்டியிருந்தது. கூடத்தில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தாள். எதிரில் மாமா ஒரு சோடா பாட்டிலோடு கண்ணை மூடியிருந்தார். அவள் முன்னால் தட்டு காய்ந்துபோயிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா சும்மா உட்கார்ந்திருந்து பார்த்துப் பழக்கமில்லாததால், உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா தீர்ப்புச் சொன்னார். மாமா வாயில் ஒரு பருக்கை படவில்லை. தம்பி இரண்டு பூரியோடு நிறுத்திவிட்டான். எனக்குச் சாப்பாட்டில் மனசே இல்லை. ஆக மொத்தம் நஷ்டம். தோசையைப் பிய்த்துத் தின்றிருந்தாலே போதும்.

"நீயே சொல்லு. சாப்பாடாவது நல்லா இருந்துச்சா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சாம்பார்ல உப்பே இல்ல. பூரியெல்லாம் ஆறிப்போயிருந்துச்சு."

"பாத்தியா! நான்தான் சொன்னேனே!" என்று அப்பா பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பச்சைப் பட்டையை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி போலாமா?" என்றாள்.

நான் இருக்கையிலிருந்து துள்ளினேன். அம்மாவுக்கும் அலைக்குளம் பிடித்துப்போய்விட்டது என்று தூங்கிக்கொண்டிருந்த தம்பியை உலுக்கிச் சொன்னேன். அலைக்குளத்தில் இறங்கிய எங்கள் மூன்று பேர் தலையும் ஈரமாக இருந்தது. அம்மாவின் தோள் மட்டும் காய்ந்திருந்ததால், சாய்ந்துகொள்ள வசதியாக இருந்தது.