வல்லை வெளியில் கொதித்த வான்

எங்கள் பக்கத்துச் சந்நிதிக் கோயில் முருகனை நான் வாய்விட்டுத் திட்டியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன். அருள் கிடைத்த கதையைச் சந்தோஷமாகச் சொல்லாமல் இவள் ஏன் கசந்துகொண்டு சொல்கிறாள் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குக் கிடைத்தது அப்படித்தான் கிடைத்தது. இனிப்புப் பூசிச் சொன்னால் அது அவனுக்குச் செய்யும் துரோகம்.

என் பெயர் மலர். கரவெட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறேன். வான் என் கணவருடையது. அவர் மாரடைப்பில் போன பிறகு, விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை. ஓடப் பழகினேன். தெருவோர ஒழுங்கை முகப்பில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகளும் இப்போது என் வானில்தான் போகிறார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே உறவு என் அக்கா பூரணம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவளை நான்தான் கொண்டுபோவேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அந்த வானின் என்ஜினைக் குளிர்விக்கும் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டதே இல்லை. கடையில் விற்கும் கூலன்ற் திரவம் மட்டும்தான். சாகிறதற்கு முதல் வருடமும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "எங்கடை ஊர்த் தண்ணியிலை சுண்ணாம்பு. கேத்திலுக்கை வெள்ளையாப் படிஞ்சு கிடக்கிறதைப் பாத்தனியே? உதுதான் என்ஜினுக்கையும் படியும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு, தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்து இரண்டு வருடம் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி விட்டேன். அவர் பிள்ளை போலப் பார்த்த றேடியேற்றரின் குழாய்களைச் சுண்ணாம்பால் அடைத்தவள் நான். சூடு காட்டும் ஊசி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது.

நெல்லியடியில் குகனின் கராஜுக்குக் கொண்டுபோனேன். குகன் என் கணவரின் சிநேகிதன். அவரது பாடைக்குத் தோள் கொடுத்தவன். நெற்றியில் திருநீறில்லாமல் நான் அவனைக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதிக்கு நடந்து போகிறவன்.

"அண்ணி, இது அடைச்சுப் போச்சு. கழுவிப் பிரயோசனமில்லை. புதுசு போடுவம்" என்றான்.

போட்டான். புதியதற்குரிய விலையையும் வாங்கினான். கறுப்பாய், பளபளவென்று இருந்தது. நான் ஒரு பொட்டுக் குங்குமம் எடுத்து அதன் நெற்றியில் வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் குங்குமத்துக்காக வெட்கப்படுகிறேன்.

மூன்று மாதம் ஆகவில்லை. போன வருடம் சித்திரை வெயில் தொடங்கியதும், கூலன்ற் போத்தல் ஒவ்வொரு நாளும் குறையத் தொடங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் இரத்தத்துக்கு ஹர்த்தால் இல்லையே. முந்திய வெள்ளிக்கிழமை அக்காவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதால் சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு நாளில் அவளுடைய கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு நாளாகக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டாள்.

காலையில் வானுக்குக் கீழே நிலம் நனைந்திருந்தது. போகிற வழியில் குகனின் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"தம்பி, தண்ணி ஒழுகுது. அக்காவை யாழ்ப்பாணம் கொண்டுபோறன். போகலாமே?"

அவன் வாசலைத் தாண்டி வரவில்லை. மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை. "வெயில் அண்ணி. தண்ணியை நிரப்பிக்கொண்டு போங்கோ. ஒண்டும் நடக்காது" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடமராட்சியிலிருந்து வலிகாமத்துக்குப் போகும் வழியில் அது ஒரு வெட்டவெளி. வீடில்லை, நிழலில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும். அத்தனையும் உப்பு.

வெளியின் நடுவில் ஊசி சிவப்புக்குப் போனது. என் இருக்கைக்குக் கீழே 'புஸ்' என்று ஒரு சத்தம். வெல்லப்பாகு கொதித்தது போல ஒரு மணம். வெள்ளை ஆவி கண்ணாடியை மறைத்தது. கரையில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். வண்டி வேறொரு நோயாளியோடு போய்விட்டது, திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். ஒரு ஆட்டோ வந்தது. கையைக் காட்டினேன். கறுப்புக் கொடி கட்டியிருந்த அது நிற்கவில்லை. பிறகு ஒரு கார் வந்தது. வேகத்தைக் குறைத்தார்கள். ஆவியைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

நான் கொண்டுவந்த தண்ணீர்க் கான் வல்லை வெளிக்கு வர முன்னமே முடிந்துவிட்டது. அக்காவின் மடியில் அரைப் போத்தல் தண்ணீர் இருந்தது. ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்து குடிக்கத் தரும் தண்ணீர் அது. வறண்ட நாக்கோடு அதை மணிக்கு ஒரு மிடறாகக் குடிப்பவள்.

"உதை ஊத்தடி. எனக்கு வேண்டாம்" என்று நீட்டினாள்.

அரைப் போத்தலால் என்ன ஆகும்? ஆனாலும் வாங்கினேன். புத்தி வேலை செய்யவில்லை. துவாயைச் சுற்றி மூடியைத் திருகினேன். கொதிக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திறந்தேன். கொதிநீர் பீறிட்டு என் வலக்கை முழுக்க அடித்தது. போத்தல் விழுந்து, இருந்த தண்ணீரும் தெருவில் ஊற்றுண்டு போனது.

அப்போதுதான் திட்டினேன். சந்நிதி இருக்கும் பக்கம் திரும்பி நின்று கத்தினேன். "என்ரை மனுசனை எடுத்தாய், பொறுத்தன். உவளையும் எடுக்கப் போறியோ? உனக்குக் கண்ணில்லையோ? இவ்வளவு தண்ணியை ரெண்டு பக்கமும் விட்டுட்டு, ஒரு வாய் குடிக்கத் தராமல் வேடிக்கையோ பாக்கிறாய்? ஆரையாவது அனுப்பு. ஆரெண்டாலும் பரவாயில்லை. அனுப்பு!"

இதுதான் நான் செய்த பிரார்த்தனை. தேவாரமும் இல்லை, திருப்புகழும் இல்லை. அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னாள். யாருடையதைக் கேட்டானோ தெரியாது.

சிறிது நேரத்தில் நெல்லியடிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் இரண்டு கான் தண்ணீர், குறடும் சாவிகளும் போட்ட ஒரு ஆயுதப் பை. குகன்.

ஓடிப்போய்க் கும்பிட்டேன். சந்நிதியானே வந்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் என் கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். குந்தியிருந்து அழத் தொடங்கினான்.

"உது வல்லையைத் தாண்டாது எண்டு எனக்குத் தெரியும் அண்ணி. நீங்கள் வெளிக்கிட்ட பிறகு வீட்டை இருக்க ஏலாமல் போச்சு."

"என்ன தெரியும்?"

"அது புதுசில்லை. ஆரோ கழட்டிப் போட்ட பழசு. வெடிப்பை ஒட்டிப்போட்டு, கறுப்புப் பெயின்ற் அடிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டே எங்களை விட்டனீ?"

என் வெந்த கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தேன். வலித்தது எனக்குத்தான். இன்னொரு முறை கையை ஓங்கினேன். அக்கா வானுக்குள்ளிருந்து சொன்னாள்: "பிறகு சண்டை பிடியுங்கோ. எனக்கு மூச்சு வருகுதில்லை."

அவன் எழும்பினான். ஈரச் சாக்கைப் போட்டு றேடியேற்றரை ஆறவிட்டான். வெடித்திருந்த மூட்டில் சவர்க்காரத்தைக் குழைத்து அடைத்து, பழைய சைக்கிள் ரியூப் வாரால் இறுக்கிக் கட்டினான். ஆவி சேர்ந்து மறுபடி வெடிக்காமலிருக்க மூடியை அரைகுறையாக மூடினான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். என்ஜினின் சூட்டை இழுக்கட்டும் என்று, வானுக்குள் அனல் விடும் ஹீற்றரைத் திறந்தான். மோட்டார் சைக்கிளை வல்லை வெளியிலேயே விட்டுவிட்டு அவனே வானை ஓட்டினான்.

சித்திரை வெயிலில், ஹீற்றர் அனலில், அக்காவை என் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். அவளுடைய வியர்வை என் சட்டையை நனைத்தது. அவரங்காலில் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கேட்டோம். புத்தூரில் கேட்டோம். நீர்வேலியில் கேட்டோம். எந்தத் தண்ணீர் என் வானைக் கெடுத்ததோ, அதே தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் போய்ச் சேர்ந்தோம். முதுகுப் பக்கமாக அவனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் கேட்ட உதவி இந்த முதுகுதானா என்று உள்ளுக்குள் எரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. அக்காவின் முறை போய்விட்டது, எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தவிர.

தாதி கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூண்டாம் கட்டில்காரர் வரேல்லை. தூர இடம், பஸ்ஸிலை வாறவர். இனி வர ஏலாது. அக்காவைக் கொண்டு வாங்கோ."

அக்கா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் அவளுடைய முகத்தில் பழைய நிறம் வந்தது. என்னைப் பார்த்து, "கைக்கு மருந்து போட்டனியே?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதேன்.

அடுத்த கிழமை குகன் உண்மையான புதிய றேடியேற்றரை வாங்கிவந்து என் கண் முன்னால் பெட்டியை உடைத்தான். றப்பர்க் குழாய் ஓஸ்களையும் மாற்றினான். என்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழியை மருந்து விட்டுக் கழுவினான். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வந்து வளவில் ஓடியது. அது என் பங்கு. அவன் கடைசி வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவனுக்குத் தேநீர் கொடுத்தேன், கதைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் பொய். அவனை அனுப்பியவனுக்கு நன்றி சொல்கிறேன். அவ்வளவுதான் இப்போதைக்கு முடிகிறது.

ஆனால் என்னை மாற்றியது குகன் அல்ல, அந்த மூன்றாம் கட்டில். நான் "ஆரையாவது அனுப்பு" என்று கத்திய அதே நேரம், எங்கோ ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒரு மனிதர் வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவரும் கும்பிட்டிருப்பார். என்னைப் போலத் திட்டாமல் மரியாதையாகவே கேட்டிருப்பார். சில கிழமை கழித்துத் தாதியிடம் விசாரித்தேன். "அவர் பிறகு வரேல்லை" என்றார். வேறு இடத்துக்கு மாறினாரா, வேறென்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இரண்டும் எனக்குத் தெரியாது. "என்ரை அக்காவுக்கு இடம் விட்டவர் ஐயா" என்றேன். ஐயர் அதையே பெயராகச் சொல்லி அர்ச்சித்தார்.

இப்போது ஒவ்வொரு காலையும் சுவாமி விளக்கேற்ற முன்னம், ஆறியிருக்கும் என்ஜினைத் திறந்து கூலன்ற் பார்க்கிறேன். ஓஸை நசுக்கிப் பார்க்கிறேன். ஹர்த்தால் நாட்களில் என் வான் ஓடும். சாவகச்சேரிப் பக்கம் ஒருவர், புத்தூரில் ஒருவர், கரவெட்டியில் இருவர் என்று இயந்திரத்துக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒரு தரம் கல் விழுந்து பக்கக் கண்ணாடி உடைந்தது. அடுத்த தரமும் போனேன்.

அடியார்களே, அவனை நம்புங்கள். வாய் கசந்தால் கசந்த வாயாலேயே கேளுங்கள், அவனுக்கு அது கேட்கிறது. அவன் அனுப்புகிறவன் உங்களுக்குப் பிடித்த ஆளாக இருப்பான் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அனுப்புவான். அடுத்த ஹர்த்தாலுக்கு உங்கள் வீட்டில் யாரும் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தால், வெட்கப்படாமல் சொல்லி அனுப்புங்கள். நான் வாறன்.