மிலானுக்கு இரண்டாவது பதில்

மிலானிலிருந்து வந்த பெண்மணி கைப்பையை எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளியே வாப்பா மினுக்கி வைத்திருந்த தோலை அவர் கவனிக்கவே இல்லை. தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறையில் அன்று மொழிபெயர்க்க நின்றவள் நான். உள்ளே அப்படி என்ன தேடுகிறார்? அப்போதுதான் தோன்றியது: வாங்குகிறவர்களின் ஊருக்கே போய், அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

செம்பூரில் எம்.பி.ஏ. படிக்கிறேன். ஒரு பருவத்தை வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப்பாகச் செய்யலாம். மிலானில் ஒரு பை நிறுவனத்தில் இடம் இருந்தது. உடனே விண்ணப்பித்தேன்.

வீடியோ நேர்காணலில் கேட்டார்கள்: "உங்கள் பட்டறையால் முடிவதைவிட இரண்டு மடங்கு ஆர்டர் வருகிறது. என்ன சொல்வீர்கள்?"

கேள்வி முடிவதற்குள் "முடியும்" என்றேன். எங்கள் சந்தில் அப்படித்தான். வந்த ஆர்டரை யாரும் திருப்புவதில்லை. 'ஹோ ஜாயேகா', ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, பாதியைப் பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிவிடுவோம். இதைப் பெருமையாகவே விளக்கினேன்.

"வாங்குகிறவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

இடம் கிடைக்கவில்லை. யார் தைத்தது என்று தெரியாத பையை நாங்கள் விற்பதில்லை என்று மின்னஞ்சல் வந்தது. விரும்பினால் அடுத்த சுற்றில் அதே கேள்விக்கு மறுபடி பதில் சொல்லலாமாம்.

பக்கத்துப் பட்டறை சாச்சா டீயோடு வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. ஆனால் எங்கள் பாதி ஆர்டர் அவர் மிஷினில்தான் ஓடும்.

"என்னளா, மிலானுக்குப் போறேன்னு குதிச்ச, கடைசில பக்கத்துல கெடக்க சயானக்கூடத் தாண்டலியே!"

"உங்க பேரச் சொல்லாம விட்டதுக்குத்தான் சாச்சா என்னயக் கழிச்சுட்டாங்க."

"எம் பேரா? ஒங்க வாப்பா எந்த வியாபாரிட்ட அதச் சொல்லிருக்காவ?"

வாப்பா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "சொன்னா அந்த மிலான் அம்மா நேரா இவன்ட்டல்லா போயிருவா. பொறவு நான் ஈ ஓட்டவா?"

"கூப்பிட்டா நான் போயிருவனா, காக்கா?" வாப்பா சாச்சாவுக்கு அண்ணன் முறை.

"போவ மாட்டியா?"

சாச்சா டீயை உறிஞ்சினார்.

மறைத்தால் மிலான் வாங்காது. சொன்னால் வாப்பாவுக்குப் பயம். ஆர்டர் ஒப்பந்தத்தில் இரண்டு பட்டறையும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டால்? ஆர்டர் இருவர் பெயரிலும் வரும். ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட முடியாது.

அடுத்த சுற்றில் இதுதான் என் பதில். நான் மட்டும் சொன்னால் போதாது, வாப்பா, சாச்சா வாயாலேயே வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டதும் இருவருமே மனம் குளிர்ந்திருப்பார்கள். ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, "யார் எதத் தைக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்று வீடியோ எடுக்கப் போனை நீட்டப்போகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வெள்ளியும் பிரியாணிதான்.